கையில் கொடுத்த அத்தியாயம்

என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை, ஆப்பிளும் வாங்கிக்கொண்டு, நெறியாளர் வீட்டுக்கே போய்க் கையில் கொடுத்தேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். ஏழு மாதம் கழித்து ஆய்வுக் குழுவின் முன்னால், "இவங்க எனக்கு ஒண்ணுமே தரல" என்றார் அந்த ஆள். என் பதிவை ரத்து செய்யலாமா என்று பேசினார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

வெளியே என்னோடு பிஎச்.டி. சேர்ந்த சேந்தமங்கலத்துக்காரி காத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"மெயில் போடலீங்களா?"

"கையில குடுத்தேனுங்க."

"அவரு ஊட்டுக்குக் கல்யாணப் பத்திரிகையா வெக்கப் போனீங்க? கையில குடுத்தாலும் அன்னைக்கே மெயிலும் போட்டுருங்க."

அவளுடைய லேப்டாப்பிலிருந்தே நெறியாளருக்கும் குழுவுக்கும் அத்தியாயத்தை அனுப்பினேன். ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். நெறியாளர் அதை இன்னும் படிக்கவில்லை.