பத்தாவது முள்

அவருக்குக் கம்பெனியில் துல்லியம் என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். படகுகளுக்கு ரேடியோ செய்கிற அந்தத் தொழிற்சாலையில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அறை அவருடையது. மற்றவர்கள் ரேடியோ செய்தார்கள். அவர்கள் எவ்வளவு மோசமாகச் செய்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும் கருவிகளை அவர் பார்த்துக்கொண்டார். அவர் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் கருவி ஒரு வருஷத்துக்குப் பொய் சொல்லாது என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை. அவருடைய நம்பிக்கை அதைவிடப் பெரியது.

வீட்டிலும் இதே கதைதான். மாமியார் காய்ச்சலில் விழுந்தபோது, முதலில் தெர்மாமீட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் மாமியாரைப் பார்த்தார். மனைவியின் தம்பியும் அதே தொழிற்சாலையில் ரேடியோக்களை ட்யூன் செய்கிறவன். அவனைப் பற்றிய அவரது தீர்ப்பு எப்போதோ முடிந்துவிட்டது. கை அவசரம், வாய் அதைவிட அவசரம்.

ஆகவே நாற்பத்திரண்டு ரேடியோக்கள் திரும்பி வந்தபோது அவர் ஆச்சரியப்படவில்லை. பதினொரு மெகாஹெர்ட்ஸில் கேட்க வேண்டிய குரல் பத்தில் கேட்டது. அத்தனையும் மச்சானின் மேஜையில் ட்யூன் ஆனவை. மேனேஜர் விசாரணைக்கு நாள் குறித்தார். வேலை போய்விடும் என்று கேண்டீன்வரை பேச்சு.

மனைவி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "நாப்பத்திரண்டு தடவையும் ஒரே மாதிரியா தப்பு பண்ண என் தம்பியால முடியுமா? அவன் சட்டை பட்டனையே நேத்து போட்ட மாதிரி இன்னைக்குப் போட மாட்டான்."

துல்லியத்துக்குச் சுருக்கென்றது. அவசரக்காரன் தப்பு விட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாக அல்லவா விடுவான்?

விசாரணை நாளன்று காலையில், மச்சானின் மேஜையில் இருந்த சிக்னல் ஜெனரேட்டரைத் தம் அறைக்குத் தூக்கி வந்தார். கருவி மீது குற்றமில்லை என்று நிரூபிக்கத்தான். டயலைத் திருப்பினால் வேண்டிய அலைவரிசையைத் தருகிற பெட்டி அது; அதை வைத்துத்தான் ரேடியோவை ட்யூன் செய்வார்கள். டயல் சொல்வது உண்மையா என்று பார்க்கக் கிரிஸ்டல் மார்க்கர் இருக்கிறது. ஆசிலாஸ்கோப் திரையில் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் ஒரு சின்ன முள்ளை அது நட்டு வைக்கும். பத்துக்கு மட்டும் பெரிய முள். பெரியதைப் பிடித்துக்கொண்டு இருபுறமும் எண்ண வேண்டியதுதான்.

டயலைப் பத்தில் நிறுத்தினார். திரையின் நடுக்கோட்டில், மயிரிழை பிசகாமல், ஒரு முள் நின்றது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய முள்ளின் உயரத்தைக் கூட்டும் குமிழைச் சும்மா ஒரு தடவை திருகினார். நடுவில் நின்ற முள் அப்படியே குட்டையாக இருந்தது. இடப்பக்கம், ஒரு முள் தள்ளி நின்றது மட்டும் விறுவிறுவென்று வளர்ந்தது.

மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் நடுவில் நின்றது பதினொன்று.

மூன்று மாதத்துக்கு முன் நடந்தது அவருக்கு நினைவு வந்தது. பெரிய முள் திரையில் அசிங்கமாகத் துருத்துகிறதென்று குமிழைக் குறைத்து, எல்லா முள்ளையும் ஒரே உயரமாக்கி, அந்த அழகை ரசித்துவிட்டு, பதினொன்றைப் பத்தென்று நினைத்து டயலை இறுக்கியவர் வேறு யார்? மச்சான் என்றால் எண்ணிப் பார்த்திருப்பான்; அவனுக்குத்தான் தன் மீது நம்பிக்கை கிடையாதே.

ஸ்க்ரூ டிரைவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு திருகு, அரை நிமிஷம். டயல் சரியாகிவிடும்; தப்பு மச்சானுடையதாகவே இருந்துவிடும். கை அதை எடுத்தும்விட்டது. அப்புறம் தம் கையைப் பார்க்கவே அவருக்குக் கூசியது. கீழே வைத்துவிட்டு மேனேஜர் அறைக்கு நடந்தார்.

மச்சான் அங்கே தலை குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

"சார், தப்பு என்னோடது. நான் முள்ளைத் தப்பா எண்ணிட்டேன்."

மேனேஜர் உருகிப்போனார். "சொந்த பந்தம்னா இப்படித்தான் இருக்கணும். ஆனா உங்களுக்குப் பொய் சொல்ல வரல சார். நீங்களாவது தப்பா எண்ணுறதாவது!"

"நெஜமாத்தான் சொல்றேன் சார்."

"விடுங்க அத்தான், எனக்காக எதுக்கு?" என்றான் மச்சானும். அவன்கூட நம்பவில்லை.

இத்தனை வருஷம் பாடுபட்டுச் சேர்த்த பெயர் வழியை மறித்துக்கொண்டு நின்றது. கடைசியில் மேனேஜரின் முழங்கையைப் பிடித்து, ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் தம் அறைக்குப் போனார்; மச்சானும் பின்னாலேயே வந்தான். திரைக்கு முன்னால் உட்காரவைத்து, "நீங்களே எண்ணுங்க சார்" என்றார்.

மேனேஜர் பெரிய முள்ளில் விரல் வைத்தார். "பத்து." விரல் நடுக்கோட்டுக்கு நகர்ந்தது. "பதி..." மீதியை விழுங்கிவிட்டார்.

மேனேஜர் மெல்லத் திரும்பி அலமாரிகளைப் பார்த்தார். வரிசை வரிசையாகக் கருவிகள், ஒவ்வொன்றிலும் பச்சை ஸ்டிக்கர், ஒவ்வொன்றிலும் அதே கையெழுத்து.

"உங்க மச்சான் வேலைக்குப் போகட்டும். அப்போ... இதெல்லாம்?"

"தெரியல சார்" என்றார் துல்லியம்.

மேனேஜர் போன பிறகும் மச்சான் போகவில்லை. அத்தானின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முதல் அலமாரியிலிருந்து ஒரு கருவியை இறக்கி மேஜையில் வைத்து, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"நான் எண்ணுறேன் அத்தான். நீங்க எழுதுங்க."