இருபத்திரண்டு பெண்களுக்கு மேட்டில் ஓர் இடம்

"நீ எடம் பாத்து முடிக்கிறதுக்குள்ள பையங்க மலைக்குப் போயிட்டே வந்துருவாங்கம்மா."

எங்கள் பள்ளிக் கமிட்டிக் காரியதரிசி வெள்ளிக்கிழமை மாலை என்னிடம் சொன்னது இது. தை மாதத்தில் இரண்டு நாள் சுற்றுலாவுக்கு ஒரு பஸ் கிடைத்திருந்தது. மலைமேல் போடிமேட்டில் பெண்கள் தங்கத் தகுந்த இடம் இருக்கிறது என்று திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால் பஸ் ஆண்கள் பள்ளிக்குப் போய்விடும். என் வகுப்பில் இருபத்திரண்டு பெண்கள். பாதிப் பேருடைய தாய்மார்கள் வருஷா வருஷம் ஏலக்காய் எடுக்க மலையேறுகிறவர்கள். பிள்ளைகளோ மலையைக் கீழிருந்து பார்த்ததோடு சரி. இடம் பார்க்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாத்தியாரம்மா ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரியாதா?

தனியாகப் போகக் கூடாது என்று வீட்டில் சொன்னதால் என் தாயாரும் கூட வந்தாள்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பும் என்ற ஜீப்பு ஏழே முக்காலுக்குக் கிளம்பியது. போடியிலிருந்து மேட்டுக்குப் பதினாறு மைல், தலைக்கு ஒரு ரூபாய். நான் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுபோனேன். ஆத்தா புளிச்சோற்றுத் தூக்குச்சட்டி, தண்ணீர்ச் செம்பு, இவற்றோடு ஒரு விளக்குமாறும் கொண்டுவந்தாள்.

"வெளக்குமாறு எதுக்கு ஆத்தா?"

"கண்ட எடத்துல கூட்டாம எப்புடி உக்கார்றது தாயி?"

"இவுக மலையவே கூட்டிருவாக போல," என்றார் டிரைவர். ஜீப்பில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

முந்தல் தாண்டியதும் ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் பதினேழு என்றார் டிரைவர். தலையை வெளியே நீட்டிக்கொண்டே வந்த ஆத்தா பத்தொன்பது என்றாள்.

"வாந்தி எடுக்க நிறுத்துனதையும் வளைவுல சேத்துட்டீக," என்றார் அவர்.

ஒன்பதரைக்கு மேடு. நான் முதலில் பார்க்க நினைத்தது ஓர் ஏலக்காய் வியாபாரி புதிதாகத் திறந்திருந்த உல்லாசத் தோட்டம். அவருடைய நோட்டீசு ஒரு மாதமாகப் போடிக் கடைவீதி முழுவதும் ஒட்டியிருக்கிறது: ராட்டினம், சறுக்குமரம், படகு, காற்றோட்டமான எட்டு அறைகள், குடும்பத்தோர் தங்க ஏற்ற இடம். மேட்டிலிருந்து அங்கே ஒரு மைல் நடை. ஆத்தாவும் ஒரு காலத்தில் காய் எடுக்க மலையேறியவள். வழியில் காய் எடுக்கும் பெண்களில் பழைய கூட்டாளிகள் மூன்று பேரைக் கண்டுபிடித்து ஆத்தா பேச உட்கார்ந்துவிட்டாள். அவளைக் கிளப்ப முக்கால் மணி நேரம் ஆனது.

படகு கவிழ்ந்து கிடந்தது. அடியில் ஒரு கோழி குஞ்சுகளோடு குடியிருந்தது. சறுக்குமரத்தில் ஈரச் சாக்குகள் காய்ந்துகொண்டிருந்தன. அறையைக் காட்டுங்கள் என்று மானேஜரிடம் கேட்டேன். முதல் அறையைத் திறந்தார். கணுக்கால் உயரத்துக்குப் பச்சை ஏலக்காய். இரண்டாம் அறையிலும் அப்படியே. மூன்றாவதில் கட்டிலின் மேலும் பரப்பியிருந்தார்கள்.

"ரெண்டு நாளா மழை. காய் ஒலத்துற ஸ்டோரு நெறஞ்சுபோச்சு," என்றார்.

"ஆள் தங்கத்தானே அறை?"

"காயை வெளிய போட முடியுமா டீச்சர்? ஆளை வேணா வெளிய படுக்கச் சொல்லலாம்."

"தை மாசம் காலியாக இருக்குமா?"

"மழை இல்லேன்னா இருக்கும்."

மழை இருக்குமா இருக்காதா என்று இவரிடம் எழுதி வாங்க முடியாது. நான் நோட்டில் கோடு போட்டு அடித்தேன். இவ்வளவு தூரம் வந்ததற்கு ராட்டினத்திலாவது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போங்கள் என்றார் மானேஜர். வேண்டாம் என்று நான் சொல்லுமுன் ஆத்தா தூக்குச்சட்டியோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு பெட்டி வைத்த மர ராட்டினம். தள்ளுவதற்கு இரண்டு ஆட்கள். ஆத்தாவின் பெட்டி உச்சிக்குப் போன நேரத்தில் ஸ்டோர்ப் பக்கமிருந்து, "லோடு வந்துருச்சு, வெரசா வாங்கடா, தூறுது," என்று குரல் வந்தது. இருவரும் ராட்டினத்துக்குக் கட்டையைக் கொடுத்து நிறுத்திவிட்டு ஓடிப் போனார்கள். மானேஜரும் ஓடினார். அரை மணி நேரம் ஒருவரும் திரும்பவில்லை.

"ஆத்தா, பயப்படாம இரு," என்று கத்தினேன்.

"நான் சோறு திங்கிறேன். நீ பயப்படாத," என்று மேலேயிருந்து பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஏ தாயி, அந்தச் சரிவுக்கு அங்கிட்டு ஒரு நீள ஓட்டுக் கட்டடம் தெரியுது. பூட்டிக் கெடக்கு. அது யாரு வீடு?" என்றாள்.

ஆத்தா இறங்கியபின் விசாரித்தோம். அது வீடில்லை. ஏலத்தோட்ட முதலாளிகள் பணம் போட்டுக் கட்டிய ஓய்வு விடுதி.

மதியம் ஒன்றரைக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். இரண்டு அறை, கூட்டம் போடுகிற ஒரு பெரிய ஹால், பின்புறம் தண்ணீர்த் தொட்டி, இரண்டு கக்கூஸ். எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள். காவல்காரர் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். பாதி மலையாளமாகப் பேசினார்.

"டீச்சரே, கூட ஆணுங்க ஆரும் இல்லேங்கில் இடம் கொடுக்கப் பற்றில்ல, முடியாது. புக்கில் உண்டு."

"எந்தப் புஸ்தகம்? கொண்டுவாருங்கள்."

தயங்கித் தயங்கி எடுத்துவந்தார். இங்கிலீஷில் அச்சடித்த விதிகள், இரண்டு பக்கம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் நின்றபடியே வாசித்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். மூன்று நாள் முன்னதாகப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதியவருக்கே ஹால். படுக்கை கொண்டுவர வேண்டும். நாய் கூடாது. நாயைப் பற்றி ஒரு விதி இருந்தது. ஆண்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

"இதுவரைக்கும் ஆரும் வாசிச்சுச் சொன்னதில்ல," என்றார், கோபமில்லாமல். பதிவேட்டையும் எடுத்துக் கொடுத்தார்.

அப்போதுதான் ஹாலின் மூலையில் சிதறிக் கிடந்த பத்திருபது ஏலக்காயைக் கவனித்தேன். மழைக்கு இங்கேயும் கொட்டுவீர்களா என்று கேட்டேன். போன மாதம் கொட்டினார்களாம். பதிவேட்டில் தேதி இரண்டையும் எழுதி, என் பெயரை எழுதி, கீழே, 'இவ்விரண்டு நாளும் ஹாலில் ஏலக்காய் கொட்டக் கூடாது' என்றும் எழுதினேன். அதை அவருக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டிப் பெருவிரல் ரேகை வாங்கினேன். எழுதும்போதே ஹாலுக்குள் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டது.

மலைக்குப் போக நினைக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். நேரத்தைப் பற்றிக் கவலையில்லாமல், கோடையில், சொந்த வண்டியில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு உல்லாசத் தோட்டம் பொருந்தலாம். என் தாயாரைப் போல எங்கே நிறுத்தினாலும் சோற்றைப் பிரித்துச் சாப்பிடக் கூடியவர்களுக்கு எப்போதும் பொருந்தும். சொன்ன நாளில் சொன்ன இடம் வேண்டும் என்கிற என்னைப் போன்றவர்கள் போர்வையை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போகட்டும். எங்கே போனாலும் மூன்றாவது அறையையும் திறந்து பாருங்கள்.

திரும்பும்போது வளைவுகளை நானே எண்ணினேன். பதினேழுதான். ஆத்தாவிடம் சொல்லவில்லை.

இதை ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். காரியதரிசி நாளைக் காலை பள்ளிக்கு வந்து, பஸ்ஸை ஆண்கள் பள்ளிக்கு விட்டுவிடலாமா என்று கேட்பார். நேற்று மாலை ஆறேகாலுக்கு ஜீப்பை விட்டு இறங்கிய நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பஸ்காரர் வீட்டுக்குப் போய், இடம் பார்த்தாயிற்று, பஸ் எங்களுக்கே என்று எழுதிய கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். மாணவிகள் இருபத்திரண்டு, ஆசிரியைகள் இருவர், விளக்குமாற்றோடு ஒரு தாயார்.