முருகன் பேரில் நூறு கோப்புகள்

எண்பதுகளின் கடைசியில் பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாய் எழும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு, குளத்துக்கு அடியில் விளக்கு எரிகிறதோ என்று அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

எந்தத் தாளில் எழுதினாலும் முதலில் முருகன் பேரை எழுதுவது என் வழக்கம். கோப்புக்கு என்ன பேர் என்று அந்தப் பெட்டி கேட்டதும் 'ஓம் முருகா' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். எட்டு எழுத்துக்குத்தான் இடம். அதுவும் சரியாக எட்டு. அவனே வந்து இடத்தை நிரப்பிக்கொண்டான் என்று மனம் குளிர்ந்தது. புள்ளிக்குப் பிறகு ஒன்று, இரண்டு என்று நம்பர் மட்டும் போட்டேன். ஒரே வருஷத்தில் நூறு கோப்புகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. எதில் என்ன இருக்கிறது என்பது அவனுக்கே வெளிச்சம்.

தோட்டத்தின் பழைய பிறப்புப் புத்தகத்தைக் கறையான் தின்றுகொண்டிருந்தது. எரித்துவிடச் சொல்லியிருந்தார்கள். எரிப்பதற்கு முன்னால் அதையும் கிடைத்த நேரத்தில் துண்டு துண்டாக இப்படித்தான் அடித்து வைத்திருந்தேன்.

ஒரு மழை மத்தியானம், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அக்கா ஒருவர் நனைந்தபடி வந்து வாசலில் நின்றார். மகளுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. அது இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. தோட்டத்தில் பிறந்தவள் என்று ஆபீஸ் கடிதம் கொடுத்தால் போதும், ஆனால் மறுநாள்தான் கடைசி நாள்.

பிரிண்டரைப் பழுது பார்க்க வந்திருந்த சீனர், தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார். திரையை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ கிராணி, எல்லாம் ஒரே சாமி பேருலா! எப்படித் தேடுறது?"

பையிலிருந்து ஒரு டிஸ்கெட்டை எடுத்துச் செருகினார். ஒரு வார்த்தை கொடுத்தால், எல்லாக் கோப்புக்குள்ளும் புகுந்து அந்த வார்த்தையைத் தேடும் புரோகிராமாம். அக்கா மகளின் பேரை அடித்தேன். பெட்டி முனகியது. ஓம் முருகா, ஓம் முருகா என்று திரையில் வரி வரியாக ஏறி மறைந்தது. கோயில் பிராகாரத்தில் யாரோ நாமம் சொல்லிக்கொண்டே சுற்றுவது போல இருந்தது. மழைச் சத்தத்தில் எனக்குக் கண் செருகியது. கடைசியில், ஒன்றும் இல்லை என்று வந்து நின்றது.

அக்கா முந்தானையைப் பிழிந்தார். "புள்ளைக்கு முப்பதாம் நாள்தானே பேரு வச்சோம் கிராணி? பொறந்த அன்னிக்கே புத்தகத்துல எழுதிட்டாங்களே."

எனக்குச் சுருக்கென்றது. பேர் வைக்காத பிள்ளையைப் பேர் சொல்லித் தேடியிருக்கிறேன்.

"என் பேரப் போட்டுப் பாருங்க."

"உங்க பேரச் சொன்னா லயத்து வீடுங்கள்ல பாதிப் பேரு திரும்பிப் பாப்பாங்கக்கா. பொறந்தது எங்க?"

"பால் நிறுக்கிற கொட்டாயில. வலி வந்துடுச்சி, வீட்டுக்குப் போக முடியல. பால் தராசுலதான் புள்ளைய நிறுத்தாங்க."

முருகா என்று சொல்லிக்கொண்டு, தராசு என்பதை ஆங்கிலத்தில் அடித்தேன். அறுபத்து மூன்றாவது முருகனிடம் ஒரே ஒரு வரி நின்றது. தேதி, தாய் பேர், பெண் குழந்தை, ஏழு ராத்தல், பால் தராசில் நிறுக்கப்பட்டது. அடித்தது நான்தான். கொஞ்சம்கூட நினைவில்லை.

"ஏழா? எங்கிட்ட ஆறரைன்னாங்களே!"

"வாளியோட நிறுத்திருப்பாங்கலா!" என்றார் சீனர்.

அக்கா சிரித்தார், அப்புறம் அழுதார். கடிதத்தை அச்சடித்து, தோட்டத் துரையின் கையெழுத்தும் வாங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தேன். அவர் போகாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கும் இதே மாதிரி மழை. அத எழுதியிருக்கா கிராணி?"

"இல்லக்கா."

"பரவால்ல. அது எனக்குத் தெரியும்."