மேல்காற்றுக்கும் தண்ணிக் கழிவு

உடப்புசல்லாவைக்குப் போகும் வழியில் தேயிலை மலை உச்சியில் இருக்கிறது எங்கள் அளவீட்டு நிலையம். அங்குள்ள கருவி இரவு வானத்தின் மங்கலான ஒளியைப் பிடித்துவைக்கும். செயற்கைக்கோள்கள் ஓடும் உயரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எவ்வளவு அடர்த்தி என்று காலையில் அதிலிருந்து கணக்கெடுப்பது என் வேலை. அடர்த்தி கூடினால் கோளைப் பின்னுக்கு இழுக்கும். கோள் தாழ்ந்துகொண்டே வரும்.

எனக்கு மேலே பொறுப்பாளர் என்று ஒருவர். வானத்தைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் தராசில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை. யாரோ ஒரு தலைவரின் சிபாரிசில் வந்து நாற்காலியை நிறைத்தார். அவர் கையெழுத்து இல்லாமல் ஓர் எண்கூட வெளியே போகாது. என்ன கொடுமை பாருங்கள்.

அப்போது கேம்பஸ் பிள்ளைகள் செய்த சின்னக் கோள் ஒன்று தாழப் பறந்துகொண்டிருந்தது. அதற்கு எஞ்சின் கிடையாது. அடர்த்தி கூடும் நாளில் ஒருக்களித்துத் திருப்பி இழுவையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் அது நோர்வூட் பக்கம் தொழிலாளர் லயங்களுக்கு மேலே, எப்போது சரியுமோ என்று வெடித்துக்கிடக்கும் மலையைப் படம் பிடிக்க வேண்டும். அதைச் செய்தவர்களில் ஒருத்தி அந்த லயத்துப் பிள்ளை. தினமும் காலையில் என் எண்ணுக்காகக் காத்திருப்பாள்.

சூரியப் புயல் அடித்த மறுநாள் அடர்த்தி இரண்டு மடங்காக ஏறியிருந்தது. பொறுப்பாளர் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

“ஒரே நாள்ல இவ்வளவு ஏறுமா புள்ள? மழைக் கொழுந்துல தண்ணிக்குன்னு எடையக் கழிக்கிறோம்ல, அதே மாதிரி பாதியக் கழிச்சு அனுப்பு.”

என் அம்மா பறித்த கொழுந்தில் வெயில் நாளிலும் தண்ணீருக்குக் கழித்த மகராசன் அவர். தராசு முன்னால் அம்மா வாய் திறந்ததில்லை. படித்துக் கிழித்த நானும் திறக்கவில்லை. வெட்கங்கெட்டுப்போய்ப் பாதியாக்கி அனுப்பினேன். எண் வழக்கம்போல இருந்ததால் அவர்கள் கோளைத் திருப்பவில்லை. நான்காம் நாள் அது கீழே வந்து எரிந்துபோனது. படிக்கிற பிள்ளைகள் செய்த சாமான் அவ்வளவுதான் தாங்கும் என்று சொல்லிவிட்டுப் பொறுப்பாளர் பிளேன்டீ குடித்தார்.

அன்று மத்தியானம் அந்த லயத்துப் பிள்ளை போன் செய்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“புயலுக்கப்புறமும் ஏறாத அந்த எண்ணு மேல எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு அக்கா,” என்றாள். “நம்மள மாதிரி தோட்டத்து ஆளு நீங்க அங்க இருக்கீங்களே, தப்பா அனுப்ப மாட்டீங்கன்னுதான் திருப்பாம விட்டேன்.”