ஆறு மணிக்குள் ஓர் ஊர்

எங்கள் தெருவில் மாலை ஆறு மணிக்குக் கரண்ட் போகும். எட்டு மணிக்கு வரும் என்பார்கள், வந்தால் உண்டு. அந்த வருடங்களில் எங்கள் கம்பம் ஊரில் எல்லோரும் கரண்டைப் பார்த்துத்தான் மாவு ஆட்டினோம், மோட்டார் போட்டோம், துணி தேய்த்தோம். நான் கரண்டைப் பார்த்து கம்ப்யூட்டரில் கேமும் விளையாடினேன். இதைச் சொன்னால் இன்றும் சிலர் சிரிக்கிறார்கள். கல்யாணமானவள், அதுவும் டீச்சர், இவளுக்கு என்ன விளையாட்டு என்று. சிரித்துவிட்டுப் போகட்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் படித்து முடித்த கையோடு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த வருடம் கற்றுக்கொண்டதை மறு வருடம் மறக்கச் சொன்னார்கள். புது வெர்ஷன் வந்துவிட்டதாம். அதைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. நேற்று மேலே இருந்த பட்டன் இன்று கீழே இருக்கும். என்னிடம் படித்துச் சர்டிபிகேட் வாங்கிப் போன பெண்கள் திரும்பி வந்து, நீங்கள் சொன்ன இடத்தில் அது இல்லையே டீச்சர் என்று என்னைக் குற்றவாளியைப் போலப் பார்ப்பார்கள். நானா எடுத்து ஒளித்து வைத்தேன்? வயல் வேலையின் அலுப்பு தூங்கினால் தீரும். தெரிந்த வேலையையே ஒவ்வொரு வருடமும் தெரியாதவளாக உட்கார்ந்து படிக்கிற அலுப்பு தூங்கினாலும் தீராது.

சென்டரில் கழித்துக் கட்டிய ஒரு பழைய கம்ப்யூட்டரை எனக்கே கொடுத்தார்கள். அதில் ஊர் கட்டுகிற கேம் ஒன்று இருந்தது. ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி. முதலில் வெறும் பச்சை நிலம். ரோடு போட வேண்டும், கரண்ட் கம்பி இழுக்க வேண்டும், வீடு கட்ட இடம் விட வேண்டும். விட்டால் ஜனங்கள் தானாகக் குடி வருவார்கள். மேலிருந்து பார்க்கிற மாதிரி படம். வீடுகள் தீப்பெட்டி அளவுதான் தெரியும். எட்டு வருடமாக ஒரே ஊரைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆறு, அணை, மார்க்கெட், ரயில் எல்லாம் வைத்தேன். கம்பத்துக்கு வராத ரயில் என் ஊருக்கு வந்தது. மின்சார நிலையம் மட்டும் தேவைக்கு மேலேயே கட்டி வைத்திருந்தேன். ஏன் என்று இங்கன உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சென்டரிலிருந்து வீட்டுக்கு வர ஐந்தேகால் ஆகும். அடுப்பில் டீக்கு வைத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டால், பால் பொங்குவதற்குள் என் ஊர் வந்து நிற்கும். நேற்று விட்ட இடத்தில் அப்படியே இருக்கும். ஒரு பட்டன் இடம் மாறியிருக்காது. கரண்ட் போகும் முன் சேமித்துவிட்டு எழுந்துவிடுவேன். பகல் முழுக்க ஊருக்கு உழைத்தவளுக்கு அந்த நேரம் ஒன்றுதான் சொந்தம்.

நான் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து எங்கள் சென்டருக்கு ஓர் உரக்கடைக்காரர் வருவார். துப்பாக்கி கேம்தான் ஆடுவார், அதுவும் பழையது மட்டும். புதிது நன்றாக இருக்கும் பாய் என்று ஒருமுறை போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிட்டார்.

"புதுசுல சுட மனசு வரல டீச்சர். பாக்க நம்ம கடைக்கு வர்ற ஆளு மாதிரியே இருக்கான்."

பழையதில் எதிரிக்கு முகமே இருக்காது. நாலு சதுரம், ஒரு தொப்பி. அவருக்கு அது போதும்.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டினார். விடிவதற்குள் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலை ஏறுவார். சாயங்காலம் அவர்களை இறக்கிக்கொண்டு வருவார். வண்டி கிழடு. கதவு ஒன்றைக் கயிறு போட்டுத்தான் கட்டுவார். முதலாளி புது வண்டி தருகிறேன் என்று இரண்டு தடவை சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டார். இதன் சத்தம் எனக்குத் தெரியும், எந்த வளைவில் எப்படி முக்கும் என்று தெரியும் என்பார். அதிகம் பேசாத மனிதர். வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து நான் ஊர் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார். என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எட்டாம் வருட ஆயுத பூஜையன்று நான் சென்டரில் பூஜை முடித்து, பொரி பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஜீப் கழுவி, சந்தனம் வைத்து, மாலையோடு நின்றது. உள்ளே மேஜையில் ஒரு புது கம்ப்யூட்டர். அதற்கும் சந்தனம் வைத்திருந்தார். பக்கத்தில் அதே ஊர் கட்டும் கேமின் புத்தம் புதுப் பதிப்பு. கடைக்காரரிடம் பெயரைக் காட்டிக் கேட்டு வாங்கினாராம். பாவம், இவள் வேறு வழியில்லாமல்தானே பழசைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறாள் என்று நினைத்துவிட்டார். பழையது எங்கே என்று கேட்டேன். ஜீப் ரிப்பேர் பார்க்கும் ஒர்க்ஷாப்பில் பாட்டுக் கேட்க வேண்டுமென்றார்கள், கொடுத்துவிட்டேன் என்றார். மனிதரின் முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்வது? நன்றாக இருக்கிறது என்றேன்.

புதியது தொடங்கவே ஒரு யுகம் ஆனது. இன்டர்நெட்டில் பதிவு செய்யச் சொன்னது. அப்புறம் ஏதோ இறக்க வேண்டும் என்றது. எல்லாம் முடிந்தால் ஒரு பொம்மைப் பெண் வந்து கையாட்டி, ரோடு போடுவது எப்படி என்று எனக்குப் பாடம் எடுத்தாள். ஒரு ரோடு போட்டதும் கை தட்டினாள். பகலெல்லாம் நான் முப்பது பேருக்குக் கை தட்டிவிட்டு வருகிறேன்; எனக்கு எதற்கடி உன் பாராட்டு? வீடுகளுக்குள் மனிதர்கள் நடமாடினார்கள். இதில்லை, அதில்லை என்று முறையிட்டார்கள். நிஜ ஊரில் கேட்பது போதாதா? இரண்டு தெரு போடுவதற்குள் ஆறு மணியாகி எல்லாம் அணைந்துவிடும்.

ஆனாலும் தினமும் உட்கார்ந்தேன். அவர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பாரே, அதற்காக. நன்றாக இருக்கிறதா என்று கேட்பார். நன்றாக இருக்கிறது என்பேன். சந்தோஷப்படுவதும் ஒரு வேலையாகிப் போனது. எரிச்சல் எங்கே போகும்? சோற்றில் உப்பு கூடியது, சென்டரில் பெண்கள் திட்டு வாங்கினார்கள். அவரோடு இருந்த நல்ல நேரமே அந்த ஒன்றுதான். அதுவும் கெட்டுக்கொண்டு வருகிறது என்று தெரிந்ததும் பயமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் பொம்மைப் பெண் கை தட்டிக்கொண்டிருக்கும்போது மானிட்டரை அணைத்துவிட்டேன். அவர் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார்.

"நீங்க மலையில இருக்கப்ப, உங்க ஜீப்ப நான் யாருக்கோ குடுத்துட்டு புது வண்டி நிப்பாட்டியிருந்தா?"

அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய், ஜீப்பில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் சொன்னது தப்பில்லை. சொன்ன விதம் என்னையே சுட்டது.

மறுநாள் ஒர்க்ஷாப்பிலிருந்து பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாட்டை மட்டும் அழித்துவிடாதீர்கள் என்று மெக்கானிக் கெஞ்சினாராம். போட்டுப் பார்த்தேன். உள்ளே பாட்டு மட்டும்தான் இருந்தது. எங்கள் பக்கம் கம்ப்யூட்டருக்குத் தலைவலி என்றாலும் ஃபார்மேட், காய்ச்சல் என்றாலும் ஃபார்மேட். பாட்டு ஏற்றிக் கொடுத்தவன் முதல் வேலையாக அதைத்தான் செய்திருந்தான். எட்டு வருட ஊர் போய்விட்டது. அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுத்திருந்தேன். அவருக்கு என் முகத்தைப் பார்த்தே புரிந்தது.

"திரும்பக் கட்ட முடியாதா?"

சி.டி. என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. எடுத்துப் போட்டேன். பால் பொங்குவதற்குள் வெறும் பச்சை நிலம் வந்து நின்றது. கை தட்ட யாரும் வரவில்லை. அவர் நாற்காலியை எப்போதையும்விடக் கிட்டத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் என்ன செய்வாய் என்று, இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார். முதலில் ரோடு என்றேன். ம் என்றார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் தலை சாய்ந்து தூங்கியிருந்தார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. கரண்ட் போக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நிலத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், ஒரு வளைவுகூட இல்லாமல், நேராக ஒரு ரோடு போட்டேன்.