ஏசியை நிறுத்தச் சொன்னவள்

மாலை நான்கு பதினேழு. குரோம்பேட்டையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஏசிக்கு கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். பெனிட்டாவின் தம்பி மருத்துவமனையிலிருந்து பேசினான். "மாமா, அக்கா போயிட்டா." நான் "சரி" என்றேன். மீட்டரைப் பார்த்தேன். வால்வை மூடினேன். ஸ்பேனர்களை அளவு வாரியாகப் பையில் அடுக்கினேன். நான்கு நாள் காய்ச்சல்தான். ஞாயிறு ஒத்திகைக்கு வந்துவிடுவாள் என்று நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன்.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள இளைஞர்கள் சேர்ந்த நம் காற்றிசைக் குழுவுக்கு இதை எழுதுகிறேன். உங்களுக்கு அவள் முதல் கிளாரினெட், எல்லோருக்கும் சுருதி கொடுப்பவள். எனக்கு இரண்டரை வருட மனைவி. வரும் ஞாயிறு ஒத்திகையை விட்டுவிடலாமா, இனி குழுவே வேண்டாமா என்று ஒவ்வொருவராகப் போனில் கேட்கிறீர்கள். பேச வரவில்லை.

உங்கள் முதல் கச்சேரி சேலையூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அங்கே ஏசி என் பொறுப்பு. பதினெட்டில் வைத்திருந்தேன். நீங்கள் வெளியே தகரக் கொட்டகை வெக்கையில் சுருதி சேர்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தீர்கள். பாதிப் பாட்டில் குளிர் பட்டு ஒவ்வொரு வாத்தியமும் ஒவ்வொரு அளவுக்கு இறங்கிவிட்டது. இடைவேளையில், காய்ச்சல்காரப் பிள்ளையைச் சுற்றுவதுபோலக் கிளாரினெட்டைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு ஒருத்தி என் அறைக்கு வந்தாள்.

"சார், ஏசிய நிறுத்துங்க."

"அவ்ளோ பேரு உக்காந்திருக்காங்க மேடம். வேர்க்கும்."

"வேர்த்தா தொடச்சிக்குவாங்க. சுருதி எறங்குனா எத வெச்சு தொடைக்கிறது? காத்து குளிர்ந்தா சவுண்டு மெதுவாப் போகும்னு டிப்ளமோல சொல்லித் தரலையா?"

சொல்லித் தந்திருந்தார்கள். நான்தான் பரீட்சையோடு மறந்திருந்தேன். நிறுத்தினேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் அழைப்பிதழால் விசிறிக்கொண்டே, "இன்னாபா, கரண்ட்டு பூடுச்சா?" என்றார். டிரம்பெட் கார்த்தி மேடையிலிருந்தே, "இல்ல சார், சுருதி வந்துடுச்சு" என்றான். அன்றிலிருந்து உங்களுக்கு நான் ஏசி அண்ணா.

பீர்க்கன்கரணையில் எங்கள் ஜன்னலுக்கு நேரே ஏரி. காலையில் அது வெளுத்துவரும் நேரத்தில் அவள் கிளாரினெட்டின் துண்டுகளைப் பொருத்திக்கொண்டு உட்காருவாள். முதலில் ஊதமாட்டாள். வெறும் மூச்சை மட்டும் அந்த மரக்குழலுக்குள் விட்டுக்கொண்டிருப்பாள். "மரம் முழிச்சிக்க டைம் குடுக்கணும்ல" என்பாள். நான் பாதித் தூக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். தூரத்தில் பீச் போகும் ரயில் ஹாரன் அடித்துப் போகும். ஏரி அறைக்குள் வந்து போவதுபோல இருக்கும். மூச்சு எந்த நொடியில் இசையானது என்று ஒரு நாளும் பிடிக்க முடிந்ததில்லை. கவனிக்கும்போது ஏற்கெனவே ஆகியிருக்கும்.

அவள் போன மறுநாள் பகல், அதே அறையில் அவளை வைத்த ஐஸ் பெட்டி. நீங்கள் வாத்தியங்களோடு வந்து சுற்றி நின்றீர்கள். டிராம்போன் ஷகிலா இரண்டு வரி ஊதிவிட்டு நிறுத்தினாள். பெட்டியின் கம்ப்ரசர் ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருந்தது. அது உங்கள் சுருதியோடு சேரவில்லை.

"அண்ணா, இத கேட்டுக்கினு பெனி அக்கா சும்மா இருக்க மாட்டாங்க" என்றாள் ஷகிலா, மெதுவாக.

எழுந்து சுவிட்சில் கை வைத்தேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் மாப்ள. உடம்பு தாங்காது."

"நாலு நிமிஷம் அத்த. குளிர் உள்ளயே நிக்கும். எனக்குத் தெரியும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கையை விட்டார்.

நீங்கள் ஊதினீர்கள். கண்ணாடி மேல் வேர்வைபோல நீர் பூத்தது. அவள் முகம் மங்கியது, தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல. பாட்டு முடிந்ததும் சுவிட்சைப் போட்டேன். அன்று நான் சரியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

அவளுடைய கிளாரினெட் என்னிடம் இருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரியாது. காலையில் எடுத்து வெறும் மூச்சை மட்டும் விடுகிறேன். கொஞ்ச நேரத்தில் மரம் கையில் சூடாகிறது. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான்.

ஞாயிறு மூன்று மணிக்கு ஒத்திகை ஹாலைத் திறந்து ஏசியை நிறுத்தி வைத்திருப்பேன். கிளாரினெட்டும் சூடாக இருக்கும். உங்களில் யாராவது வாங்கிச் சுருதி கொடுங்கள். வரட்டுமா என்று கேட்டுக் கூப்பிட வேண்டாம். போனை அணைத்துவிட்டேன்.