கத்தியை மறைத்துத் தீட்டியவர்

சேகு முகைதீனுக்கு மலேசியாவில், மேருவில் ஒரு கோழித் தொழிற்சாலையில் அறுப்பு வேலை. நாகூர்ப் பக்கத்திலிருந்து பெர்மிட்டில் வந்தவர். கோழி அறுக்கிறவருக்கு என்ன பெரிய வாழ்க்கைக் கதை என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், இன்று மத்தியானம் பொரித்த கோழி வாங்காமல் இருந்துவிட்டு அப்புறம் வந்து பேசட்டும்.

தலைக்கு மேலே ஓடும் சங்கிலியில் கோழிகள் தலைகீழாகத் தொங்கி வரும். இடது கையால் கழுத்தைப் பிடித்து, "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" சொல்லி ஒரே இழுப்பு. ரத்தம் வடிந்து உயிர் அடங்கியதும், இறகு உரிப்பதற்காகச் சங்கிலி அதை வெந்நீர்த் தொட்டிக்குள் இறக்கும். இவ்வளவுதான் வேலை.

சேகு அதை வேலை என்று நினைத்ததே கிடையாது. எந்தக் காரியத்தையும் அழகாகச் செய்ய வேண்டும், பிராணியை அறுத்தாலும் நோகடிக்காமல் அறுக்க வேண்டும் என்று நபிகள் நாயகம் சொல்லியிருப்பதைச் சின்ன வயதில் மதரசாவில் கேட்டு, அப்படியே பிடித்துக்கொண்டவர். கோழியின் கண்ணெதிரே கத்தியைத் தீட்டக் கூடாது என்பதற்காக ஐஸ் அறைக்குப் பின்னால் போய்த்தான் தீட்டுவார்.

"பாய், கோழிக்கு என்ன தெரியப் போகுது? இங்கேயே தீட்டுங்க லா" என்பார் சூப்பர்வைசர் ஜெயராஜ். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர், கிண்டல்காரர்.

"கோழிக்குத் தெரியாட்டி என்னண்ணே, அவன் பாத்துக்கிட்டு இருக்கான்ல?" என்று சேகு மேலே கை காட்டுவார்.

"யாரு, சிசிடிவியா?"

லைனே சிரிக்கும். சேகுவும் சிரிப்பார். ஊரிலிருக்கும் மனைவி ஷபானாவிடம் போனில், "நான் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் தொழுகையிலதான் நிக்கிறேன் புள்ள" என்று சொல்வார். கர்வம்தான், இல்லையென்று யார் சொன்னது? அந்த ஒரு கர்வத்தை வைத்துக்கொண்டுதான் அந்த மனுஷர் ரத்த வாடையிலும், ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு படுக்கும் அறையிலும் காலத்தை ஓட்டினார்.

பெருநாள் ஆர்டர் குவிந்தது. மேலிடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் சங்கிலியின் வேகத்தைக் கூட்டச் சொன்னான். சேகுவுக்கு அடுத்து நின்று, சரியாக அறுபடாத கோழிகளைப் பார்த்துப் பிடிக்கிறவன் ரியாஸ். அவனைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். பிஸ்மில்லாவை வாய் முடிப்பதற்குள் அடுத்த கோழி மூக்குக்கு நேரே வந்தது. எந்த பிஸ்மில்லா எந்தக் கழுத்துக்கு என்றே தெரியவில்லை. முதல் நாளே ஒன்று கத்தி படாமல் தாண்டிப் போக, சேகு பதறிப் போய்ச் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கி லைனை நிறுத்திவிட்டார்.

ஜெயராஜ் ஓடி வந்தார். "ஐயோ பாய், என்ன காரியம் பண்ணீங்க! லைன் நின்னா மேலே என்னை உரிச்சிடுவாங்க!"

"உசுரோட வெந்நீர்ல விழப் பாத்துச்சுண்ணே."

"ஒரே ஒரு கோழி லா பாய்! இன்னொரு தடவை அமுக்கினா உங்க பெர்மிட்டைக் கேன்சல் பண்ணிடுவாங்க. அப்புறம் என் கிட்ட வராதீங்க."

"அப்ப என்னை வேற செக்ஷனுக்கு மாத்தி விட்ருங்கண்ணே. கூட்டுறது, கழுவுறது, எதுனாலும் செய்றேன்."

"அறுக்கிற வேலைக்குத்தான் உங்களை எடுத்திருக்கு. முடியாதுன்னா ஊருக்குத்தான் போவணும்."

ஊருக்குப் போய் என்ன செய்ய? மகள் அஃப்ரின் நர்சிங் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சேகு திரும்பி லைனுக்கு வந்து நின்றார். ஜெயராஜைச் சொல்லியும் குற்றமில்லை, அவரும் பிள்ளைகுட்டிக்காரர்.

அந்த வாரக் கடைசியில் அது நடந்தது. ஒரு வெள்ளைக் கோழி கழுத்தை மடக்கிக்கொண்டது. கத்தி இறகைத்தான் உரசியது. அது சிறகடித்துக்கொண்டே தொட்டியை நோக்கிப் போனது. சேகுவின் கை பொத்தானுக்குப் போயும் விட்டது. ஆனால் அமுக்கவில்லை. ஜெயராஜ் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார்.

ஜெயராஜின் நாற்காலி காலியாகக் கிடந்தது. சேகு மறுபடி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் கோழி தொட்டிக்குள் இறங்கிவிட்டது. அது போட்ட சத்தம் இயந்திர இரைச்சலையும் மீறிக் கேட்டது.

சாயங்கால அசர் தொழுகைக்கு, தொழிற்சாலையின் தொழுகை அறையான சுராவில் ரியாஸ் பக்கத்தில் போய் நின்றார். தக்பீர் கட்டக் கையைத் தூக்க வேண்டும். தூக்க முடியவில்லை.

"என்ன நானா, உடம்பு சரியில்லையா?" என்றான் ரியாஸ். அண்ணன் முறைக்கு அவரை நானா என்றுதான் கூப்பிடுவான்.

"அவன் பாத்துக்கிட்டு இருக்கான்னு வாய் கிழியச் சொன்னேனேடா" என்றார் சேகு. "அந்த நேரத்துல நான் ஜெயராஜ் பாக்குறாரான்னுதான்டா பாத்தேன்."

ரியாஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தௌபா செய்யுங்க நானா, அல்லாஹ் மன்னிப்பான் என்று ஏதோ சொன்னான். தௌபா செய்கிறவன் அந்தத் தப்பை இனிமேல் செய்யக் கூடாதே! நாளைக்கும் அதே சங்கிலி, அதே வேகம் அல்லவா வரும்? சேகு பின்னால் போய்ச் செருப்பு அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ஜமாஅத் தொழுகை அவர் இல்லாமலே முடிந்தது.

மறுநாள் காலை வேன் வந்தது, ஏறினார். கத்தி மழுங்கியிருந்தது. ஐஸ் அறைக்குப் பின்னால் போகவில்லை. தொங்கிக்கொண்டிருந்த கோழிகளுக்கு எதிரிலேயே நின்று சரக் சரக்கென்று தீட்டினார். அறுத்தார். வாய் அதன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. எது தப்பிப் போனது என்று அவர் திரும்பியே பார்க்கவில்லை.

மத்தியானம் ஜெயராஜ் வந்து அவர் தோளில் தட்டினார்.

"இன்னிக்குத்தான் பாய் ஸ்பீடு வந்திருக்கு! இப்பதான் நீங்க நம்ம லைனுக்குப் பழகியிருக்கீங்க."

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, சேகு அடுத்த கழுத்தைப் பிடித்தார்.